திட்டினால் மூளை ஓடுமா?

டிப்ளமோ முடித்து வேலைக்குப் போனால், நம்மில் பலர் ஒருநாள் சூப்பர்வைசர் ஆவோம். மெஷினிடம் வேலை வாங்கப் படிக்கிறோம். மனிதர்களிடம் வேலை வாங்க?

இன்-பிளான்ட் டிரெயினிங்கில் நான் பார்த்தது இது. லேத்தில் நின்ற பையன் அளவு தப்பாகக் கடைந்துவிட்டான். "உனக்கெல்லாம் அறிவே கிடையாதா?" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தினார். அதே சூட்டில் அடுத்த ஜாபுக்கு ஏழெட்டு விஷயம் சொன்னார். பையன் தலையாட்டினான். அடுத்த நிமிஷம் சக் கீயை சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்டார்ட் பட்டனுக்குக் கையை நீட்டினான். பக்கத்து லேத் அண்ணன் பாய்ந்து தடுத்தார். இல்லையென்றால் அந்தக் கீ யார் மேல் பறந்திருக்குமோ!

பையனுக்கு அறிவில்லாமல் இல்லை. அந்த நேரத்தில் அது வேலை செய்யவில்லை. ஏன்?

யோசிப்பது, திட்டமிடுவது, கோபத்தை அடக்குவது இவற்றில் பெரும்பங்கு நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைக்கு. இதன் அருமையை உலகுக்குக் காட்டியவரும் ஒரு ஃபோர்மேன்தான்! 1848-இல் அமெரிக்காவில் ரயில் பாதை வேலையில் வெடிமருந்து வெடித்து, மூன்றரை அடிக்கும் மேல் நீளமான இரும்புக் கம்பி ஃபினியாஸ் கேஜ் என்பவரின் கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. உயிர் பிழைத்தார். ஆனால் பொறுமை போய் வசைச்சொல் வந்ததாக டாக்டர் ஹார்லோ எழுதி வைத்தார். பழைய ஃபோர்மேன் வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

நமக்குக் கம்பி பாய வேண்டியதில்லை, பயமே போதும். மூளைக்குள் பாதாம் பருப்பு வடிவில் 'அமிக்டலா' என்று ஒன்று உண்டு. ஆபத்து என்றால் அபாயமணி அடிப்பது அதன் வேலை. நாலு பேர் முன்னால் படும் அவமானமும் அதற்கு ஆபத்துதான். மணி அடித்ததும் ரசாயனங்கள் சுரக்கின்றன. உடம்பு ஓடவோ சண்டை போடவோ தயாராகிறது, முன்மூளை மந்தமாகிறது. அப்போது சொல்லும் பாடம் எங்கே ஏறும்?

ஆகவே நாளைய சூப்பர்வைசர்களே:

1. தப்பைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

2. ஒரே மூச்சில் மூன்று நான்கு விஷயத்துக்கு மேல் வேண்டாம். மனம் ஒரு சமயத்தில் பிடித்து வைப்பது சுமார் நான்குதான் என்று 2001-இல் நெல்சன் கோவன் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார்.

3. "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்றுதான் பதில் வரும். திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

4. நமக்கே கோபம் தலைக்கேறினால் நம் முன்மூளையும் மந்தம்தான். டிராயிங்கை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு வாயைத் திறங்கள்.

சூடேறிய டூலுக்குக் கூலண்ட் விடத் தெரிந்த நமக்கு, சக மனிதனிடம் அது தெரியாதா என்ன?