நிரலும் குறிப்புரையும்

நுழையும்முன்

மூலமும் உரையும் தமிழ் மரபில் பிரியாத இணை. கணினி நிரலிலும் இத்தகைய இணை உண்டு. நிரலின் கட்டளைகளுக்கு இடையே மனிதர் படிப்பதற்காக எழுதப்படுவது குறிப்புரை. உரைத்தொகுப்பான் அதனைத் தானாகவே ஒழுங்குபடுத்தும் முறையையும், அதற்குரிய அமைப்புகளையும் இப்பாடம் விளக்குகிறது.

பாடலின் கீழ் ஒரு குறிப்பு

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூரில், தென்பெண்ணையாற்றில் கபிலர் குன்று உள்ளது. பாரி மறைந்தபின் கபிலர் வடக்கிருந்து உயிர்நீத்த இடமாக அது போற்றப்படுகிறது. புறநானூற்றின் 236ஆம் பாடல் அவர் வடக்கிருந்தபோது பாடியதாகும். இச்செய்தி பாடலின் அடிகளில் இல்லை. பாடலின் கீழ் அமைந்த பழங்குறிப்பே இதனைத் தெரிவிக்கிறது. குறிப்பு அழிந்திருந்தால் பாடல் எஞ்சியிருக்கும். பாடிய சூழல் மறைந்திருக்கும்.

குறிப்பு இருந்தால் மட்டும் போதாது. அது மூலத்திலிருந்து வேறாகத் தெரியவும் வேண்டும். ஓலைச்சுவடிகளில் புள்ளியும் பத்திப் பிரிப்பும் இன்றி எழுத்துகள் தொடர்ந்து சென்றன. சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், மூலம் எது, உரை எது, மேற்கோள் எது எனப் பிரித்தறியப் பெரிதும் உழைக்க நேர்ந்தது.

நாற்பத்து நான்கு ஏன்?

கல்வராயன் மலையில் பெய்யும் மழைநீர் கச்சிராயபாளையத்தை அடுத்த கோமுகி அணையை வந்தடைகிறது. அணையின் முழு உயரம் 46 அடி. எனினும், மழைக்காலத்தில் பாதுகாப்புக் கருதி 44 அடி அளவிலேயே நீரை நிறுத்தி, உபரிநீரை ஆற்றில் திறந்துவிடுவதுண்டு. இதனை அறிந்த மாணவி ஒருவர், நீர்மட்டம் 44 அடியை எட்டியதும் எச்சரிக்கை தரும் பயிற்சி நிரல் ஒன்றைச் சி++ மொழியில் எழுதுவதாகக் கொள்வோம். நிரலில் 44 என்னும் எண் மட்டுமே இருந்தால், பின்னர் அதனைப் படிப்பவர் அவ்வெண்ணைப் பிழையெனக் கருதி 46 என மாற்றிவிடக்கூடும். ஆகவே அம்மாணவி,

// அணையின் முழு உயரம் 46 அடி; பாதுகாப்புக் கருதி
// 44 அடியிலேயே எச்சரிக்கை தரப்படுகிறது.

எனக் குறிப்புரை எழுதுகிறார். இரட்டைச் சாய்கோட்டிற்குப் பின் அவ்வரியில் உள்ள யாவற்றையும் நிரல்பெயர்ப்பி பொருட்படுத்தாது. சாய்கோட்டின் ஆற்றல் அந்த ஒரு வரியோடு முடிந்துவிடும்.

தானியங்கு வடிவூட்டல்

இருவகைப் பிழைகள் இங்கு நேரலாம். நீண்ட குறிப்புரையை இரண்டாக ஒடிக்கும்போது இரண்டாம் வரியில் சாய்கோடு விடுபட்டால், நிரல்பெயர்ப்பி அதனைக் கட்டளையாகக் கருதிப் பிழையெனச் சுட்டும். மாறாக, கட்டளையின் முன் சாய்கோடு தவறுதலாகச் சேர்ந்தால், அக்கட்டளை குறிப்புரையாகிவிடும். நிரல் தடையின்றி இயங்கக்கூடும். ஆனால் நீர்மட்டம் உயர்ந்தாலும் எச்சரிக்கை வாராது. முன்னது தன்னைத் தானே காட்டிக்கொள்ளும் பிழை. பின்னது மறைந்திருக்கும் பிழை.

இவற்றைத் தவிர்க்க உரைத்தொகுப்பான்கள் உதவுகின்றன. அவற்றுள் ஒன்று 'விம்'. நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் அதனை 1991இல் வெளியிட்டார். கட்டணமின்றி வழங்கி, பயன்படுத்துவோர் உகாண்டா நாட்டுக் குழந்தைகளுக்கு உதவுமாறு வேண்டினார்.

விம் தொகுப்பானில் முதலில் வரையறுக்க வேண்டியது வரியின் நீளம். 'டெக்ஸ்ட்வித்' என்னும் அமைப்பில் 72 என இட்டால், வரி அவ்வளவைக் கடக்கும்போது சொல் இடைவெளியில் ஒடிக்கப்படும். நீளத்திற்கு எல்லை வகுக்கும் வழக்கம் பழமையானது. 1928இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய துளை அட்டையில் 80 நெடுவரிசைகள் இருந்தன. பைத்தான் மொழியின் நடைக் கையேடும் கட்டளை வரிக்கு 79 எழுத்துகளையும், குறிப்புரைக்கு 72 எழுத்துகளையும் எல்லையாகப் பரிந்துரைக்கிறது.

அடுத்தது 'ஃபார்மட்ஆப்ஷன்ஸ்' என்னும் அமைப்பு. இதில் ஒவ்வோர் ஆங்கில எழுத்தும் ஒரு பணியைக் குறிக்கும். 'சி' என்பது நீண்ட குறிப்புரையை ஒடித்து, புதிய வரியிலும் சாய்கோட்டை இடும். 'ஆர்' என்பது நுழைவு விசையை அழுத்தியதும் அடுத்த வரியில் சாய்கோட்டைச் சேர்க்கும். 'ஜே' என்பது இரு வரிகளை இணைக்கும்போது இடையில் தேவையற்றுப் போகும் சாய்கோட்டை நீக்கும். 'கியூ' இருந்தால், முன்பே எழுதிய குறிப்புரையைத் தெரிவுசெய்து, 'ஜி', 'கியூ' விசைகளை அடுத்தடுத்து அழுத்திச் சீராக்கலாம். 'டி' என்பது குறிப்புரை அல்லாத வரிகளையும் ஒடிக்கும்; ஆதலால் நிரல் எழுதுவோர் அதனை நீக்கிவிடுதல் நன்று.

கருவியின் எல்லை

தொகுப்பான் வரியின் வடிவை அறியுமேயன்றி அதன் பொருளை அறியாது. குறிப்புரையில் வரிசைப்படுத்தி எழுதிய அட்டவணையைச் சாதாரணப் பத்தியெனக் கொண்டு கலைத்துவிடக்கூடும். 'ஆர்' செயற்பாட்டில் இருக்கையில், குறிப்புரையோடு தொடங்கும் நிரற்பகுதியை வேறிடத்திலிருந்து ஒட்டினால், சில முனையங்களில் அதனைத் தொடரும் கட்டளைகளின் முன்னும் சாய்கோடு சேர்ந்துவிடும். மறைந்திருக்கும் பிழை இவ்வழியாகவும் நுழையும். எனவே ஒட்டுவதற்கு முன் 'பேஸ்ட்' என்னும் அமைப்பை இயக்கி, பணி முடிந்ததும் நிறுத்த வேண்டும். ஒட்டிய பகுதியை ஒருமுறை படித்துப் பார்த்தலும் இன்றியமையாதது.

எச்சரிக்கைக்குரிய அளவை நிரலில் 42 என மாற்றிவிட்டு, குறிப்புரையில் 44 என்பதை அப்படியே விட்டுவிட்டாலும் தொகுப்பான் தடுக்காது. வரிகள் சீராக மடிந்திருக்கும். சாய்கோடுகள் ஒழுங்காக நிற்கும். செய்தி மட்டும் பொய்யாகியிருக்கும். அதனை நம்பிப் படிப்பவருக்குக் குறிப்புரையே இல்லாத நிரலைவிட அது மிகுந்த தீங்கு செய்யும். வடிவைக் காக்கும் பணியைக் கருவியிடம் ஒப்படைத்த நிரலாளர், கட்டளையை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதன் குறிப்புரையை மீண்டும் படித்துத் திருத்துவதைத் தம் கடமையாகக் கொள்ளுதல் வேண்டும்.