நாலு பேர் தூக்கினா எழும்பணும்!

தடிக்காரன்கோணம் தாண்டி, கீரிப்பாறையிலிருந்து மாறாமலை எஸ்டேட்டுக்கு ஏறுகிற பாதை இருக்கிறதே... அதைப் பாதை என்று சொல்வதே பெருந்தன்மை! கீழே ரப்பர், மேலே கிராம்பு, நடுவில் பாறாங்கல். எங்கள் பழைய ஜீப் முனகிக்கொண்டே ஏறியது. ஓட்டிய அண்ணாச்சி பட்டாளத்தில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

''பட்டாள வண்டிக்கு லட்சணம் என்ன தெரியுமா தம்பி? சேத்துல மாட்டினா நாலு பேரு புடிச்சுத் தூக்கணும். தூக்க முடியல்லேன்னா அது வண்டியில்ல, வீடு!''

ஜீப் பிறந்ததே இந்த லட்சணத்தோடுதான். 1940-ல் அமெரிக்க ராணுவம், 'மாதிரி வண்டிக்கு 49 நாள்தான் டயம்' என்று கறாராகச் சொல்லிவிட்டது. வந்த வண்டி ஒரு டன் சொச்சம் எடை, கால் டன் சுமை. யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிவிட்டார்கள்.

நமக்கும் ஆசை வந்தது. 1948-ல் காஷ்மீர் சண்டைக்காக, லண்டனில் நம் ஹைகமிஷனராக இருந்த கிருஷ்ண மேனன் 80 லட்சம் ரூபாய்க்கு ஜீப் ஒப்பந்தம் போட்டார். வந்து சேர்ந்தவை 155. அவையும் உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று பார்லிமென்டில் ஒரே ரகளை. ஊழலுக்குப் பிள்ளையார் சுழி போபர்ஸ் இல்லை சார், ஜீப்! 1955-ல் அரசு விவகாரத்தை மூடியது. மறு வருஷமே மேனன் மத்திய மந்திரி!

நல்லவேளை, 1949-லேயே மஹிந்திரா கம்பெனி பம்பாய் மஸகானில், வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இறக்கிப் பூட்ட ஆரம்பித்திருந்தது. ஜீப்பின் பெருமை தெரிய 1965 வரவேண்டியிருந்தது. கேம்கரண் பக்கம் கரும்புக் காட்டில், ஜீப்பில் பூட்டிய 106 மில்லிமீட்டர் பீரங்கியோடு ஒளிந்து ஒளிந்து பாட்டன் டாங்கிகளைச் சிதறடித்தார் ஹவில்தார் அப்துல் ஹமீத். டாங்கி நாற்பது டன்னுக்கு மேல். ஜீப் ஒரு டன். அடித்தவுடன் இடம் மாற முடிந்ததே, அதுதான் அதன் கவசம். அங்கேயே உயிரை விட்ட அவருக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது.

1969-ல் ஜபல்பூர் தொழிற்சாலை நிஸானின் உரிமத்தோடு 'ஜோங்கா'வை இறக்கியது. ஆறு சிலிண்டர், ஏறக்குறைய நாலு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். ''யானை மாதிரி இழுக்கும். தீனியும் யானைத் தீனிதான்'' என்றார் அண்ணாச்சி. 1999-ல் அதன் உற்பத்தி நின்றது. அதற்குள் ஜிப்ஸி வந்துவிட்டது. மறுபடி ஒரு டன்னை ஒட்டிய எடை, ஆனால் அரை டன் சுமை. பட்டாளம் கொண்டாடாமல் என்ன செய்யும்?

ஆனால் ரேடியோ, ஆயுதம், கவச உடை என்று சிப்பாயின் சுமை ஏறிக்கொண்டே போனது. 800 கிலோ தாங்கணும், தகரக் கூரை வேணும், ஏ.ஸி-யும் வேணும் என்றார்கள். 2017-ல் 3,192 டாடா சஃபாரி ஸ்டார்முக்கு ஆர்டர் போனது. எடை ரெண்டு டன்னை ஒட்டி! ஏ.ஸி-யைக் குறை சொல்ல மாட்டேன். ராஜஸ்தான் வெயிலில் உட்காருகிறவனுக்குத்தானே தெரியும்? 2019-ல் பொதுமக்களுக்கு ஜிப்ஸி விற்பதும் நின்றது.

''அந்த ரெண்டு டன்ன யாருவே தூக்குவா?'' என்று அண்ணாச்சி கேட்டு வாய் மூடவில்லை... டொக்! பின்சக்கரம் சேற்றுக் குழியில்.

எஸ்டேட் தொழிலாளிகள் ரெண்டு பேர், என் நண்பன், நான். ஆபீஸுக்குப் போட்டுப்போகிற பேன்ட்டோடு இறங்கி, ''ஏலேலோ'' என்று ஒரு மூச்சு.

எழும்பிவிட்டது. பேன்ட்தான் போச்சு.