கூடையின் ஞாபகமும் காசின் வழியும்

இணையத்துக்குப் பிறவியிலேயே ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் அனுப்பிவைக்கும். அடுத்த நொடியே கேட்டவரை மறந்துவிடும். 1990களின் தொடக்கத்தில் ரிம் பேர்னர்ஸ் லீ வலைப்பக்கங்களுக்கான விதிகளை வகுத்தபோது, விஞ்ஞானிகள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதுதான் நோக்கம். ஆவணம் வாசிப்பவரை யாரும் ஞாபகம் வைத்திருக்கத் தேவையில்லை. கடைக்கு அது சரிவராது. ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர் யாழ்ப்பாணத்துக் கடையொன்றின் தளத்தில் அரைக் கிலோ ஒடியல்மாவைக் கூடையில் போட்டுவிட்டு, பனாட்டு இருக்கிறதா என்று பார்க்க அடுத்த பக்கத்துக்குப் போகிறார். அங்கே அவர் முன்பின் தெரியாத புது ஆள். கூடையும் போச்சு, ஒடியல்மாவும் போச்சு.

1994இல் நெட்ஸ்கேப் உலாவி நிறுவனத்தின் லூ மொண்டுல்லி இதற்கு வழி கண்டார். எம்.சி.ஐ. என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம் இணையக் கடை ஒன்றைத் திட்டமிட்டிருந்தது. பாதியில் நிற்கும் கொள்வனவுகளின் விபரங்களைத் தன் கணினிகளில் சுமக்க அதற்கு விருப்பமில்லை. வாடிக்கையாளரின் கணினியிலேயே ஒரு சிறு சீட்டை வைத்துவிடுவோம், ஒவ்வொருமுறை வரும்போதும் அதைக் காட்டட்டும் என்றார் மொண்டுல்லி. அதுதான் குக்கி. இன்று விளம்பரங்கள் நம்மைத் துரத்துவதற்கு உதவும் அதே குக்கி, முதலில் ஒரு கூடையைக் காப்பாற்றத்தான் பிறந்தது.

யாழ்ப்பாணத்தில் மிளகாய்த்தூளோ, பனங்கட்டியோ, பருத்தித்துறை வடையோ விற்கும் ஒருவர் இணையக் கடை போட நினைத்தால் முதலில் பார்ப்பது முகப்பின் அழகை. ஆனால் அந்த முகப்புக்குப் பின்னால் நாலு வேலைகள் நடக்கின்றன. கூடையை ஞாபகம் வைக்க வேண்டும். இருப்பைக் கணக்கில் வைக்க வேண்டும். காசு வாங்க வேண்டும். ஆட்களைக் கூட்டிவர வேண்டும். முதல் இரண்டும் உலகெங்கும் ஒரே மாதிரி. மற்ற இரண்டும் ஊருக்கு ஊர் மாறும். எந்தத் தளம் நமக்குச் சரி என்ற கேள்விக்கு விடை அந்த இரண்டில்தான் இருக்கிறது.

இருப்புக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதை ஒரு போத்தல் நல்லெண்ணெயை வைத்தே சொல்லிவிடலாம். கடைசிப் போத்தல் ஒன்றுதான் மிச்சம். லண்டனில் ஒருவரும் கொழும்பில் ஒருவரும் ஒரே நொடியில் அதை வாங்க அழுத்துகிறார்கள். கணினி இருவருக்கும் ‘ஒன்று இருக்கிறது’ என்று வாசித்துச் சொன்னால் இருவரிடமும் காசு வாங்கிவிடும். அதனால் தரவுத்தளம் அந்த ஒரு வரியைக் கணப்பொழுது பூட்டுகிறது. ஒருவரின் கொள்வனவு முழுதாக முடிய வேண்டும், அல்லது நடக்கவே இல்லை என்றாக வேண்டும், இடைநிலை கிடையாது. இப்படியான பரிவர்த்தனைகளைக் கையாளும் துறைக்கு அடித்தளம் இட்ட ஜிம் கிரே 1998ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பெற்றார்.

கூடைக்கோ நேர்மாறான நியாயம். அமேசனின் பொறியியலாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி, கணினிகள் சில பழுதாகிக் கிடந்தாலும் ‘கூடையில் போடு’ என்ற கட்டளையை ஒருபோதும் மறுக்கக்கூடாது. அதனால் ஒரே கூடைக்கு இரண்டு பிரதிகள் உருவாகிவிட்டால் இரண்டையும் சேர்த்துவிடுவார்கள். சிலவேளை நீக்கிய பொருள் திரும்பக் கூடையில் வந்து நிற்கும். வாங்க வந்தவரை மறிப்பதைவிட அது பரவாயில்லை என்பது வியாபாரக் கணக்கு.

முகநூல் பக்கமும் வட்ஸ்அப்பும் வைத்துக்கொண்டு விற்பவர் இந்த இரண்டு வேலைகளையும் தன் தலையில் வைத்திருக்கிறார். வாடிக்கையாளர் வங்கிச் சிட்டையைப் படமெடுத்து அனுப்ப, அவர் கொப்பியில் பெயரெழுதிப் பார்சலைக் கட்டுகிறார். கிழமைக்குப் பத்துப் பதினைந்து பார்சல் என்றால் இதைவிடச் சிறந்த தளம் இல்லை, செலவும் இல்லை. கொப்பியும் இருப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் விடும் நாளில்தான் மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டும்.

இனிக் காசு. ரொறன்ரோக்காரரின் அட்டை எண் பல நாடுகளின் கம்பிகளைக் கடந்து வருகிறது. வழியில் எவரும் ஒட்டுக்கேட்கலாம். முன்பின் சந்திக்காத இருவர், எல்லோரும் கேட்கும்படி பேசியே, தமக்குள் மட்டும் ஒரு இரகசியத்தை எப்படி உருவாக்குவது? மறைகுறியியலாளர்கள் டிஃபியும் ஹெல்மனும் 1976இல் காட்டிய வழியைச் சின்ன எண்களில் போட்டுப் பார்க்கலாம். 5, 23 என்ற இரண்டு எண்கள் எல்லோருக்கும் தெரியும். வாங்குபவர் 4 என்ற எண்ணை மனத்தில் ஒளிக்கிறார். 5ஐ நான்கு தடவை பெருக்கினால் 625; 23ஆல் வகுக்க மிச்சம் 4. அதை அனுப்புகிறார். கடைக்காரர் ஒளித்தது 3. 5ஐ மூன்று தடவை பெருக்க 125, மிச்சம் 10. அதை அனுப்புகிறார். இப்போது வாங்குபவர் தனக்கு வந்த 10ஐ நான்கு தடவை பெருக்கி 23ஆல் வகுக்கிறார்: மிச்சம் 18. கடைக்காரர் தனக்கு வந்த 4ஐ மூன்று தடவை பெருக்கி வகுக்கிறார்: மிச்சம் 18. அந்தப் 18 கம்பியில் போகவே இல்லை, இருவரிடமும் இருக்கிறது. அதைச் சாவியாக்கி அட்டை எண்ணைப் பூட்டி அனுப்பலாம். எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்களாக நீளும்போது, ஒட்டுக்கேட்டவர் அதைக் கண்டுபிடிப்பது இன்றைய கணினிகளுக்கு இயலாத காரியம். 1994 ஆகஸ்ட் 11இல் நெட்மார்க்கெட் என்ற தளம், மறைகுறியாக்கம் செய்த அட்டை எண்ணை வாங்கி, பாடகர் ஸ்ரிங்கின் இசைத்தட்டு ஒன்றை 12.48 டொலருக்கு விற்றது. இணையத்தில் பாதுகாப்பாக நடந்த முதல் விற்பனைகளில் ஒன்று அது.

எண் பத்திரமாக வந்துவிட்டது. அது, கடையின் சார்பில் அட்டை விபரத்தை வாங்கும் கொடுப்பனவு நுழைவாயிலுக்குப் போகிறது. அங்கிருந்து கடைக்காரரின் வங்கிக்கு. அங்கிருந்து விசா அல்லது மாஸ்டர்காட் வலையமைப்புக்கு. அங்கிருந்து கனடாவில் அட்டை கொடுத்த வங்கிக்கு. ‘சரி’ என்ற விடை அதே வழியில் திரும்ப, எல்லாம் சில நொடிகளில் முடிகிறது. காசு அப்போது அசைவதில்லை. நாட்கள் கழித்தே கணக்குக்கு வரும். வாங்கியவர் முறைப்பாடு செய்தால், மாதங்கள் கழித்துக்கூட அவருடைய வங்கி அதைத் திருப்பி எடுக்கலாம். பார்சல் அனுப்பிய பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டியது அதற்காகத்தான்.

இந்தச் சங்கிலியில் ஊர் குறுக்கிடும் இடம் கடைக்காரரின் வங்கி. வியாபாரம் எந்த நாட்டில் பதிவோ, அந்த நாட்டில் சேவை தரும் நிறுவனம்தான் காசு வாங்கித்தர முடியும். உலகெங்கும் பெயரெடுத்த கொடுப்பனவு நிறுவனமான ஸ்ரைப் இலங்கை வியாபாரிகளைச் சேர்ப்பதில்லை. பேபால் வழியே இலங்கையிலிருந்து காசு செலுத்தலாம். பெற்றுக்கொள்ள நெடுங்காலமாக வழியில்லை. கனடாவின் ஒட்டாவா நகரில் 2006இல் தொடங்கிய இணையக் கடைத் தளமான ஷொப்பிஃபை, தன் சொந்தக் கொடுப்பனவுச் சேவை இருக்கும் நாடுகளில் மலிவு. அந்தச் சேவை இலங்கைக்கு இல்லை. வேறு நுழைவாயிலைப் பொருத்தினால், அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனையிலும் 2 வீதம் ஷொப்பிஃபைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். நுழைவாயிலின் கட்டணம் வேறு. 2011இல் வந்த வூகொமர்ஸ் என்ற கடை மென்பொருள் வேர்ட்பிரஸ் தளங்களோடு இலவசமாகச் சேரும். விற்பனையில் பங்கு கேட்காது. பேஹியர் போன்ற இலங்கை நுழைவாயில்களை அதில் இணைக்கலாம். ஆனால் சேவையக வாடகையும் பாதுகாப்பும் பழுதுபார்ப்பும் உங்கள் தலையில்.

யாழ்ப்பாணத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு: காசு கொடுப்பவர் ஒருவர், சாப்பிடுபவர் இன்னொருவர். நூறாண்டுக்கு முன் மலாயாவில் வேலைபார்த்தவர்கள் அனுப்பிய காசில் குடாநாடு வாழ்ந்ததை மணியோடர் பொருளாதாரம் என்றே வரலாற்றாசிரியர்கள் அழைக்கிறார்கள். இன்று ஸ்காபரோவிலிருந்து கரவெட்டியில் இருக்கும் அம்மாவுக்குப் பிறந்தநாள் கேக் போகிறது. 2000களின் தொடக்கத்தில் உருவான கப்ருக்கா என்ற இலங்கை இணையக் கடை, வெளிநாட்டு இலங்கையர் ஊருக்கு அனுப்பும் இப்படியான பரிசுகளைக் கொண்டே வளர்ந்தது. இந்த வாடிக்கையாளரை நம்பிக் கடை போடுபவருக்கு வேண்டியவை வேறு: வெளிநாட்டு அட்டை ஏற்கும் நுழைவாயில், செலுத்துபவர் முகவரியும் பெறுபவர் முகவரியும் தனித்தனியாக எழுத இடம், டொலரில் விலை. கோடைகாலத்தில் ரொறன்ரோவில் இரவு எட்டு மணிக்கு இங்கே விடிகாலை ஐந்தரை. ஓடர் வரும் நேரம் கடைக்காரர் நித்திரை. அந்தக் கடைக்கு வட்ஸ்அப் மட்டும் போதாது.

தன் கடையா, தராஸ் போன்ற பெரிய சந்தையா என்பது அடுத்த கேள்வி. 2018 முதல் அலிபாபாவிடம் இருந்துவரும் தராஸ் காசையும் வாங்கும், பார்சலையும் கொண்டுபோகும், ஆட்களையும் கூட்டிவரும். அதற்குக் கொமிஷன் எடுக்கும். வாங்குபவரிடம் நுழைவுக் காசு கேட்காமல் விற்பவரிடம் மட்டும் ஏன் எடுக்கிறார்கள்? வாங்குபவர் கூடினால்தான் விற்பவர் வருவார். ஆகவே விலை பார்த்து ஓடிப்போகும் பக்கத்துக்கு இலவசம், காத்திருக்கக்கூடிய பக்கத்துக்குக் கட்டணம். இதைக் கணிதமாக்கியவர்களில் ஒருவரான பொருளியலாளர் ரிரோல் 2014இல் நோபல் பரிசு பெற்றார். குடாநாட்டு விவசாயிக்கு இது புதிதல்ல. சந்தையில் நூறு கிலோ இறக்கினால் பத்து வீதம் கழிவு போகத் தொண்ணூறுக்குத்தான் காசு என்ற மனக்குறை இங்கே பழையது.

கணக்கு எளிது. சொந்தத் தளத்துக்கு மாதம் 10,000 ரூபா செலவு என்றும், சந்தையின் கொமிஷன் 10 வீதம் என்றும் வைத்துக்கொண்டால், மாத விற்பனை ஒரு இலட்சத்தைத் தாண்டும்வரை சந்தையே இலாபம். தாண்டிய பிறகு ஒவ்வொரு ரூபாயும் சொந்தத் தளத்தின் பக்கம் சாயும். ஆனால் விளம்பரச் செலவையும் சொந்தத் தளத்தின் கணக்கில் சேருங்கள்; யாரும் தெரியாமல் வந்து கதவைத் தட்டப்போவதில்லை.

தமிழில் கடை நடத்துபவர் கவனிக்க வேண்டிய சின்னச் செலவொன்றும் உண்டு. ஒரு குறுஞ்செய்தி 140 பைட்டுக்குள் அடங்க வேண்டும். ஆங்கிலத்துக்கு 7 பிட் போதும். 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கு 16 பிட் வேண்டும். 70 குறியீடுகளோடு சரி. அதிலும் ‘ஒடியல்மா’ கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு எட்டு: விசிறிக்கும் அரவுக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியீடு. உங்கள் பார்சல் கூரியரிடம் கொடுக்கப்பட்டது என்று தமிழில் மரியாதையாக எழுதினால் பெரும்பாலும் இரண்டு செய்திக்குக் கட்டணம் போகும். ஓடர் உறுதிப்படுத்தலை வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பும் தளம் அந்தக் காசை மிச்சம் பிடிக்கும்.

ஆகவே கேள்விகளை இந்த ஒழுங்கில் கேட்பது நல்லது. காசு கொடுப்பவர் எங்கே இருக்கிறார், எந்த வழியில் கொடுக்கிறார்? உள்ளூர் ஆட்கள் என்றால் வங்கிமாற்றும் பொருள் கிடைத்தபின் காசு கொடுக்கும் முறையும் போதும். ஆனால் மறுத்துத் திருப்பிய பார்சலுக்கு இரண்டு வழிக் கூலியும் கடைக்காரருக்கு. வெளிநாட்டு ஆட்கள் என்றால் இலங்கை நுழைவாயில் ஒன்றோடு இலகுவில் சேரும் தளமே வேண்டும். வாடிக்கையாளர் பட்டியலையும் பொருட்பட்டியலையும் ஒரு கோப்பாக வெளியே எடுக்கலாமா? முடியாது என்றால் நாளைக்குத் தளம் விலையைக் கூட்டினாலும் நகர முடியாது. இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு முகப்பின் நிறத்தைப் பார்க்கலாம். அதை எந்த நாளிலும் மாற்றலாம். நுழைவாயில் கணக்குக்கோ வியாபாரப் பதிவும் வங்கிக் கணக்கும் கேட்பார்கள், அதற்கு நாள் எடுக்கும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியும் வேலையை முதலில் தொடங்குங்கள். தளத்தைத் தேட அந்த இடைவெளி தாராளமாகப் போதும்.