கூரை யார் பேரில்?

மலையிலிருந்து இறங்குகிறவர்கள் – 9

ஊவாத் தோட்டங்களில் வேலைக்கு ஆள் குறைந்துகொண்டே போவதைச் சென்ற வாரம் பார்த்தோம். போகிறவர்கள் எதைக் கணக்குப் பார்த்துப் போகிறார்கள், எதைப் பார்க்கத் தவறுகிறார்கள் என்பதை இந்த வாரம் பேசலாம்.

பசறை, மடுல்சீமை, நமுனுகுல, ஹாலிஎல, அப்புத்தளை என்று எந்தப் பக்கம் போனாலும் லயத்து வீடுகளில் இந்தப் பேச்சு ஒரே மாதிரித்தான் நடக்கிறது. கொழும்பில் ரூம் பார்த்துவிட்டதாக மகன் சொல்கிறான். "மாசம் முடிய கையில எவ்வளவுப்பா நிக்கும்?" என்று அப்பா கேட்கிறார். "தண்ணி எப்படி, சமைக்க எடம் இருக்கா?" என்று அம்மா. இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் பாட்டி கடைசியாகக் கேட்பார்: "இந்தக் காம்பராவ வுட்டுட்டுப் போனா, நாளைக்குத் திரும்பி வர வுடுவானுங்களா?"

அப்பாவின் கேள்விக்குக் காகிதத்தில் பதில் எழுதிவிடலாம். தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயானது. 2024 செப்டம்பரில் 1,350 ஆனது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், அரசாங்கம் கொடுக்கும் வருகை ஊக்கத்தொகை 200ஐயும் சேர்த்து, 1,750 ரூபாய் என்று அறிவித்தார்கள். மாதம் 25 நாளும் முழுப்பேர் விழுந்தால், அதாவது முழு நாட்சம்பளம் பதிவானால், 43,750. சேமலாப நிதி, சங்கச் சந்தா, கோயில் வரி, முற்பணம் எல்லாம் கழிந்து வருவதுதான் கையில் நிற்கும். 25 நாளும் பேர் விழுவது எல்லா மாதமும் நடப்பதில்லை. ஊவாவில் வறட்சி பிடிக்கும் மாதங்களில் கொழுந்து இருக்காது. கிலோ குறைந்தால் அரைப்பேர். இதோடு ஒப்பிட்டால் கொழும்பில் கடையிலோ களஞ்சியத்திலோ கிடைக்கும் மாதச் சம்பளம் கூடுதலாகத்தான் தெரியும். சில மாதங்களில் உண்மையிலேயே கூடுதல்தான். இளையவர்கள் போவதில் தவறே இல்லை என்று நான் நினைக்கிறேன். துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் பயப்படாமல், தன் சம்பளத்தைத் தானே எண்ணிப் பார்த்து வாங்கும் வாழ்க்கையை ஒரு பிள்ளை தேடிப் போகும்போது தடுக்க யாருக்கும் உரிமையில்லை.

சிக்கல் குடும்பத்தோடு போகும்போதுதான் ஆரம்பிக்கிறது. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வத்தளை, ஹெந்தளைப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்குக்கூட ஆறு மாதமோ ஒரு வருடமோ வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் தாயின் சேமலாப நிதியிலிருந்தோ, தோடு சங்கிலியை அடகு வைத்தோ வருகிறது. ஒப்பந்தம் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. முடிந்ததும் வாடகையைக் கூட்டுவார்கள், இல்லையென்றால் காலி செய்யச் சொல்வார்கள். தண்ணீர் குழாயில் வரும் என்பது பெரிய நிம்மதி. பீலியில் குடம் வைத்துக் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, டியூஷனுக்கும் குறைவில்லை. அதே நேரம், ஜன்னல் இல்லாத தகரக் கூரை அறையில் மார்ச், ஏப்ரல் வெக்கையை, மலைக்காற்றில் வளர்ந்த முதியவர்களும் கைக்குழந்தைகளும் தாங்குவது லேசில்லை. தாயும் தகப்பனும் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா உண்டு, அடுத்த காம்பராவில் அத்தையோ சித்தியோ இருப்பார்கள். கொழும்பில் அந்தப் பொறுப்புக்கும் தனியாகப் பணம் கொடுக்கவேண்டும்.

பாடசாலை விஷயத்தைப் பலரும் போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். முதலாம் தரத்துக்கு அரசாங்கப் பாடசாலையில் அனுமதி வாங்க, பெற்றோர் அந்தப் பகுதியில் எத்தனை வருடம் வாக்காளர் இடாப்பில் பதிந்திருக்கிறார்கள், வீட்டுக்கு உறுதி இருக்கிறதா, முறையான வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். கொழும்பில் நாலைந்து வருடம் வாழ்ந்தும், "தோட்டத்துப் பதிவை எடுத்துட்டா காம்பராவையும் எடுத்துடுவாங்க" என்ற பயத்தில் பெயரை ஊரிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. விளைவு, பிள்ளைக்குக் கொழும்பில் விரும்பிய பாடசாலை கிடைப்பதில்லை. ஆறு வயதுப் பிள்ளையைப் பாட்டியிடம் திருப்பி அனுப்புகிறார்கள். தாய் ஓர் ஊரில், பிள்ளை ஓர் ஊரில்.

தமிழருக்குக் கொழும்பில் இன்னொரு பாரமும் இருந்ததை மறக்க முடியாது. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பு லாட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் முந்நூறு பேருக்கு மேல் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. இன்று அந்த நிலைமை இல்லை. ஆனாலும் விலாசத்துக்கு ஆதாரம் வேண்டும் என்ற பாடத்தை அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். என் பார்வையில் எல்லாக் கணக்குக்கும் அடியில் கிடப்பது அதுதான். லயத்து அறையின் அளவைப் பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டு அடி என்று சொல்வார்கள், அதாவது 120 சதுர அடி. அதுவும் குடியிருப்பவரின் சொத்து இல்லை. வீட்டில் ஒருவராவது செக்ரோலில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் பதிவேட்டில், இருக்கும்வரை இருக்கலாம். ஓய்வு பெற்ற தாய் தகப்பன் மட்டும் மிஞ்சினால், "வேலைக்கு ஆள் எங்கே?" என்று கேள்வி வரும். அந்தக் கேள்வியைக் கேட்கும் கம்பனிக்கும் நிலம் சொந்தமில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1970களில் அரசாங்கம் தோட்டங்களைக் கையேற்றது. 1992இல் அவற்றின் நிர்வாகத்தைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் விட்டது. கம்பனிகளிடம் இருப்பது 53 வருடக் குத்தகை, 2045இல் முடிகிறது. நிலம் அரசாங்கத்தினுடையது. தொழிலாளிக்கு ஒரு துண்டு நிலத்தை எழுதிக்கொடுக்க அரசாங்கத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

மலையக மக்கள் இதுவரை செய்த பெரிய இடப்பெயர்வுகள் எல்லாவற்றிலும், இருக்கும் இடம் தன் பேரில் இல்லை என்ற இந்த ஒரே குறை தொடர்ந்து வருகிறது. ஒரு காலத்தில் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறவே கடனைக் குறித்த துண்டுச்சீட்டு வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை நீலகிரியில் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம் போட்டுக் குடியேற்றியது. டேன்டீ என்று அங்கே சொல்லும் அந்தத் தோட்டங்களிலும் குடியிருப்பு வேலையோடு கட்டுண்டதுதான். ஓய்வு பெற்றவர்கள் வீட்டைக் காலி செய்யவேண்டிய நிலை வந்தது. கடல் தாண்டிப் போயும் அதே லயத்துச் சட்டம்.

வன்னிக்குப் போனவர்கள் கதை இன்னும் வலிக்கிறது. 1977, 1981 கலவரங்களில் அடிபட்ட மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். டாக்டர் ராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் நடத்திய காந்தீயம் இயக்கம் அவர்களைக் குடியேற்ற உழைத்தது. இருவரும் 1983இல் கைது செய்யப்பட்டார்கள். அந்த வருடம் ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். மக்கள் காடு வெட்டிக் கிணறு தோண்டிக் கிராமங்களை உண்டாக்கினார்கள். கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் போனால் இன்றும் மலையகப் பேச்சைக் கேட்கலாம். ஆனால் பலருக்குக் காணி உறுதி பல வருடங்களாகக் கைக்கு வரவில்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் மறுபடியும் எல்லாவற்றையும் விட்டு ஓடவேண்டியிருந்தது. இப்போதும் மலையில் மண் சரியும் ஒவ்வொரு முறையும், "வடக்கில் காணி கொடுத்தால் போகலாமே" என்று சிலர் சொல்வார்கள். போக விரும்புகிறவர்கள் போகட்டும். காணியைக் காட்டினால் போதாது, உறுதியை முதலில் கையில் கொடுங்கள் என்று கேட்க அவர்களுக்கு எல்லா நியாயமும் உண்டு.

மண்சரிவு என்று சொல்லும்போது மீரியாபெத்தையைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. 2014 அக்டோபர் 29, காலை நேரம். கொஸ்லந்தைக்குப் பக்கத்திலிருந்த அந்தத் தோட்டப் பிரிவின் லயன்கள் மேல் மலை இறங்கியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அங்கிருந்து எடுக்கவேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்திருந்தது. போங்கள் என்று சொன்னார்கள். எங்கே போவது என்று யாரும் காட்டவில்லை. சொந்தக் காணி இல்லாத, கையில் மிச்சமில்லாத குடும்பத்தைப் பார்த்து "ஆபத்து, எழுந்து போ" என்பதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தப்பியவர்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் நெருங்கிக் கிடந்தார்கள். பூனாகலை மக்கல்தெனியவில் அவர்களுக்கு 75 வீடுகள் கட்டிக் கொடுக்க இரண்டு வருடம் பிடித்தது. 2023 மார்ச்சில் அதே பூனாகலையில், கபரகலைப் பிரிவில் மண் சரிந்தது. மறுபடியும் தற்காலிக இடம், மறுபடியும் காத்திருப்பு. 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்தபோது மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று.

ஆகவே இங்கேயே இருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சரிவுக்கு அடியில் இருக்கும் லயத்தில் யாரும் ஒரு மழைக்காலம்கூட இருக்கக்கூடாது. ஆனால் லயம் இல்லாவிட்டால் கொழும்பு என்று இரண்டே வழியாகப் பார்க்கிறோமே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. நடுவில் பதுளை இருக்கிறது, பண்டாரவளை இருக்கிறது, ஹாலிஎல இருக்கிறது.

பதுளை சின்ன நகரம். 1924இல் ரயில் வந்து, அங்கேயே பாதை முடிந்துவிட்டது. மாகாணத் தலைநகர் என்பதால் பெரிய ஆஸ்பத்திரி உண்டு. சரஸ்வதி கல்லூரி உண்டு, தமிழ் மகளிர் பாடசாலை உண்டு. 2005இல் வந்த ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகமும் பக்கத்தில்தான். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகளில் சிங்களத்தோடு தமிழும் நிர்வாக மொழி. அமுலில் குறை இருந்தாலும், தமிழில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் பதில் கேட்கும் உரிமை எழுத்தில் இருக்கிறது. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் துக்க வீட்டுக்கும் ஒரு பஸ்ஸில் போய் வரலாம். வேலைதான் குறைவு, சம்பளமும் கொழும்பளவு இல்லை. எல்லப் பக்கம் ஹோட்டல்கள் பெருகி இளைஞர்களுக்கு வேலை கிடைக்கிறது, கூடவே காணி விலையும் ஏறிவிட்டது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தாலும், சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் உள்ள குடும்பம் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ பக்கத்தில் குடியிருந்து, உழைக்கிறவர் மட்டும் 99ஆம் இலக்க பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வருவதுதான் மேல் என்பது என் முடிவு. கொழும்பில் வீட்டு வாடகைக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதி, பத்து வருடத்தில் இங்கே ஒரு சுவராவது எழுப்பும். இப்படிச் செய்தால் தகப்பன் பிள்ளையை மாதத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பார். அது பெரிய இழப்புத்தான்.

இதற்கு நிலம் வேண்டும். வழி முழுக்க அடைபட்டும் இல்லை. தோட்டத்தில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற கொள்கை ஏற்கெனவே வந்துவிட்டது. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய அரசின் உதவியில் முதலில் 4,000 வீடுகள், 2017இல் மேலும் 10,000 என்று அறிவிப்பு வந்தது. ஒரு வீடு 550 சதுர அடி, காம்பராவைப் போல நாலு மடங்குக்கு மேல். 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைக்குச் சட்டம் வந்தது. அதே வருடம் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தி, சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள்ளும் செலவழிக்க இடம் கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் பண்டாரவளையில் நடந்த விழாவில் 2,000 பயனாளிகளுக்கு வீட்டுரிமை ஆவணம் கொடுத்தார்கள். நல்ல காரியம். தேவையோடு வைத்துப் பார்த்தால் இந்த வேகம் போதவே போதாது. வீடு கட்டப் பணம் இல்லை என்று அரசாங்கம் சொல்லலாம். உறுதி எழுத அவ்வளவு பணம் தேவையில்லை. ஆபத்தில்லாத இடத்தை அளந்து, பாதையும் தண்ணீரும் விட்டு, ஏழு பேர்ச்சுக்கு உறுதியை எழுதிக் கொடுத்தால், கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைக்கும் பிள்ளைகளே கல்லும் சீமெந்தும் வாங்கிப் போடுவார்கள்.

இடம் மாற நினைக்கும் வாசகர்களிடம் சில வார்த்தைகள். காணி வாங்கினாலும், யாராவது இனாமாகக் கொடுத்தாலும், பதுளை போன்ற மண்சரிவு மாவட்டங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதற்குப் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். உறுதியில் கணவன் பெயரோடு மனைவியின் பெயரையும் போடச் சொல்லுங்கள். தோட்டத்தில் அதிக நாள் பேர் விழ உழைத்தவர்கள் பெண்கள்தான். குடும்பத்தோடு கொழும்புக்குப் போவதென்று முடிவெடுத்துவிட்டால், போன கையோடு அங்கே வாக்காளர் இடாப்பில் முறையாகப் பதியுங்கள், வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். அதற்கு முன், பாட்டியின் கேள்விக்கு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். பதில் கிடைக்காவிட்டால், உழைக்கும் ஒருவர் மட்டும் முதலில் போகட்டும்.

(தொடரும்)