கல்லுக்குள் ஒரு காடு: தெரியுமா?

மீன் கடைத் தொட்டியில் பச்சைப்பசேலென்று ஆடிக்கொண்டிருக்கிறதே ஒரு செடி, அது போன மாதம் வரை தண்ணீருக்குள்ளேயே இருந்ததில்லை என்றால் நம்புவீர்களா? மீன் தொட்டிச் செடிகளில் பெரும்பாலானவை பண்ணையில் வேர் மட்டும் நனைய, இலை ஈரக்காற்றில் நிற்க வளர்ந்தவை! காரணம் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. செடியை வெளியே வளர்த்தால் சீக்கிரம் தேறும், பாசி பிடிக்காது, நத்தையும் ஏறாது.

அப்படி வளர்ந்த செடியை உங்கள் தொட்டியில் நட்டதும் பழைய இலை மஞ்சளாகும், ஓட்டை விழும், கரையும். “செத்துப்போச்சு” என்று பிடுங்கி எறிந்துவிடுகிறோம். குருத்தைப் பார்த்தீர்களா? அங்கே மெல்லிசாக, கண்ணாடி போல, வேறு வடிவத்தில் ஓர் இலை வருகிறதே, அதுதான் நீருக்கென்றே பிறந்த இலை. அழுகியதை மட்டும் கிள்ளிவிட்டு, செடியை விட்டுவிடுங்கள்.

இதில் உச்சக்கட்ட நாடகக்காரர் கிரிப்ட்டோகோரைன் செடி. கடைகளில் அதிகம் கிடைக்கும் ‘வெண்ட்டி’ இனம் உலகத்தில் இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளர்வது. இடம் மாற்றினாலோ, தண்ணீர் மாறினாலோ சில நாட்களில் மொத்த இலையும் கூழாகிவிடும்! கல்லுக்கடியில் வேர் மட்டும் உயிரோடு காத்திருந்து, சில வாரங்களில் மறுபடி துளிர்க்கும். தண்ணீருக்கு வெளியே பூத்தால் இன்னொரு வேடிக்கை: அந்தப் பூ குட்டி ஈக்களை உள்ளே இழுத்து அடைத்து வைத்து, மகரந்தம் பூசித்தான் வெளியே அனுப்பும்.

அதெல்லாம் சரி, கல்லில் என்ன சத்து இருக்கிறது? ஒன்றுமே இல்லை! கடையில் விற்கும் கல் வெறும் கல்தான். சாப்பாடு போடுவது மீன். மீன் கழிவும் மிச்சத் தீனியும் கல் இடுக்கில் இறங்கி மட்கினால்தான் வேருக்குத் தீனி. அதனால்தான் புதுத் தொட்டியில் செடி சவலையாக நிற்பதும், மாதங்கள் போன பழைய தொட்டியில் தளதளப்பதும். மீனுக்கு நஞ்சான அம்மோனியாவைப் பல நீர்ச்செடிகள் நைட்ரேட்டைவிட விரும்பிச் சாப்பிடுகின்றன. எனவே வேர் பிடித்த இடத்தில் சைஃபன் குழாயைக் கல்லுக்குள் குத்தாதீர்கள். மேலாக உறிஞ்சினால் போதும். புதுத் தொட்டியா? உர மாத்திரையை வேருக்குப் பக்கத்தில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். கல் 2 முதல் 3 மில்லிமீட்டர், படுகை 5 முதல் 7 சென்டிமீட்டர். கோலிக்குண்டு அளவில் பளபளக்கும் கூழாங்கல் வேருக்குப் பிடிமானமும் தராது, அடியில் குப்பையையும் அழுகவிடும். கல்லில் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மை ஏறும்.

கடினத் தண்ணீர் என்றதும் போர்வெல் தண்ணீர்க்காரர்கள் சோர்ந்துபோக வேண்டாம். வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் நீரில் கரைந்த பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் கெட்டிக்காரச் செடிகள்! ஹைட்ரில்லா நினைவிருக்கிறதா? பள்ளியில் புனலுக்கடியில் வைத்து, சோதனைக் குழாயில் ஆக்சிஜன் குமிழி பிடித்தோமே, அதேதான். அந்தக் குமிழி உங்கள் தொட்டியிலும் வரும். நீர் ஆக்சிஜனால் நிரம்பி இனி கரைக்க இடமில்லை என்றானதும், இலை விளிம்பில் முத்து முத்தாய்க் கோத்து நிற்கும். அந்த ஆசையில் விளக்கை நாள் முழுக்க எரியவிட்டால் வளர்வது பாசிதான். ஆரம்பத்தில் 6 முதல் 8 மணி நேரம் தாராளம்.

இன்னொன்று! நீர்ச்செடி தான் தயாரித்த ஆக்சிஜனைத் தண்டு வழியே வேருக்கு இறக்கி, காற்றில்லாத அடிப்படுகையில் கசியவிடுகிறது. நெற்பயிர் வேரில் துருப்பிடித்தாற்போலப் படிகிறதே செம்பழுப்பு, அதுவும் இதே வித்தைதான்.

ஆனால் எல்லாச் செடிக்கும் கல் வேண்டும் என்று யார் சொன்னது? ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டுக்கும் இஞ்சி மாதிரி படுத்துக் கிடக்கும் ஒரு தடித்த தண்டு உண்டு. அதைக் கல்லில் புதைத்தீர்களோ, அழுகல் நிச்சயம். மரக்கட்டையிலோ பெரிய கல்லிலோ நூலால் கட்டுங்கள், தானே பிடித்துக்கொள்ளும். ஜாவா ஃபெர்ன் இலையின் அடியில் கரும்புள்ளி தெரிந்தால் நோய் என்று பதறாதீர்கள். சில நேரம் அதே இலையில் குட்டிச் செடி வேரோடு முளைத்துத் தொங்கும்!

நத்தையைக் கண்டால் நசுக்குகிறீர்களா? 1849-ல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 12 காலன் பாத்திரத்தில் மணல், சேறு, கற்கள் போட்டு, இரண்டு தங்கமீனும் ஒரு வாலிஸ்நேரியாவும் விட்டார். உதிர்ந்த இலை அழுகித் தண்ணீர் கலங்கியது. சில குளத்து நத்தைகளை விட்டதும் அழுகல் காலி! நத்தை முட்டை மீனுக்குத் தீனி. மறு ஆண்டு அதைக் கட்டுரையாகவே எழுதிவிட்டார். கூம்பு வடிவ மலேசிய நத்தையோ பகலெல்லாம் கல்லுக்குள் புகுந்து படுகையைக் கிளறிவிடுகிறது. தீனியை அள்ளிக் கொட்டாதவரை அது பெருகித் தொல்லை தராது.

அந்த வாலிஸ்நேரியாவின் கல்யாணம் தனிக் கதை. ஆண் பூக்கள் அடியிலேயே காம்பறுந்து, மேலே மிதந்து வந்து விரிந்து, சின்னப் படகுகளாய் அலையும். பெண் பூ நீளக் காம்போடு மேல்மட்டத்தில் காத்திருக்கும். சேர்ந்ததும் காம்பு ஸ்பிரிங் போலச் சுருண்டு பூவைக் கீழே இழுத்துக்கொள்ளும்! தொட்டியில் அது பெரும்பாலும் கல்லுக்கடியில் கொடி ஓடவிட்டே பெருகும்.

கடைசியாக, சில கடைகளில் நீர்ச்செடி என்று தலையில் கட்டும் ‘லக்கி பாம்பூ’ மூங்கிலும் இல்லை, நீர்ச்செடியும் இல்லை. முழுக்க மூழ்கடித்தால் மெல்ல அழுகும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? வேர் தண்ணீரில், இலை வெளியே இருக்கும்படி தொட்டி ஓரத்தில் நிறுத்துங்கள். நைட்ரேட்டைக் குடித்துக்கொண்டு ஜோராக வளரும்.