பவர் கொடுப்பதற்கு முன்



வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரர்கள் ஊரில் உள்ள வீடு, மனை விஷயங்களைக் கவனிக்கத் தம்பிக்கோ மச்சானுக்கோ பவர் எழுதிக் கொடுப்பது வழக்கம். வயதான பெற்றோர் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் உண்டு. நம்பிக்கையின் பேரில் கொடுப்பதுதான் என்றாலும், அதன் எல்லை எதுவரை என்பதை இரு தரப்பும் அறிந்திருக்க வேண்டும்.

முதலில், தேவைக்கு மட்டும் எழுதுங்கள். வாடகை வாங்கவும் வரி கட்டவும் ஆள் தேவை என்றால் அதை மட்டும் எழுதினால் போதும். விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் தரும் பொது பவர் அதற்குத் தேவையில்லை. பத்திர எழுத்தர் எழுதியதை முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் நேரில் கையெழுத்திட்டுச் சான்று பெறலாம். அந்த அசல் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும்.

அடுத்தது மிக முக்கியமானது. பவர் கொடுத்தவர் வஃபாத்தாகிவிட்டால், பொதுவாக அந்த நிமிடமே பவரும் முடிந்துவிடும். சுயநினைவை இழந்தாலும் அப்படியே. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இதைச் சொல்கிறது. மார்க்கத்திலும் வகாலத் மரணத்தோடு முடிந்துவிடும். அதன்பின் சொத்து வாரிசுகளுடையது. மனைவி, பெண் மக்கள், தாய், தந்தை என ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு. "அத்தா பவர் கொடுத்திருக்கிறார்" என்று சொல்லி, மையத்தை அடக்கிய பிறகு மகன் அந்த வீட்டை விற்றால், அவன் விற்பது தாயின் பங்கையும் சகோதரிகளின் பங்கையும் சேர்த்துத்தான். வாங்குபவரும் வழக்கில் சிக்குவார்.

பவரை வைத்துச் சொத்து வாங்கும்போதும் கவனம் தேவை. பவர் பத்திரம் கிரயப் பத்திரம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு பவரை மட்டும் வாங்கி வைத்திருந்தால் சொத்து உங்கள் பெயருக்கு வராது.

நம்பிக்கை போய்விட்டால் வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து, பவர் பெற்றவருக்குப் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள்.

பவர் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் கையில் இருப்பது அமானத். வாங்கிய வாடகைக்கும் செய்த செலவுக்கும் கணக்கு எழுதி வைத்து, கொடுத்தவருக்கு மாதந்தோறும் அனுப்பிவிடுங்கள்.