இந்தியரை மணந்த அயல்நாட்டவர்

கொச்சியின் தென்பகுதியில், காயலோரத்து இடக்கொச்சியில் பிறந்த பெண்ணை மணந்த அயல்நாட்டவர் ஒருவர், பணி ஓய்வுக்குப் பின் மனைவியின் ஊரிலேயே வாழ விரும்புகிறார் என்று கொள்வோம். அவருக்கு வழி யாது?

தாய்லாந்தில் ஐம்பது வயது நிறைந்த அயலார்க்கு ஓய்வுக்கால விசா உண்டு. வங்கியில் 8 லட்சம் பாட் இருப்புக் காட்டலாம். அந்நாட்டுப் பெண்ணின் கணவருக்கு அதில் பாதியே போதும். நம் நாட்டிலோ ஓய்வுக்கால விசா என ஒன்றில்லை. இங்கே மணவுறவே கதவைத் திறக்கிறது.

முதலில் அவர் நுழைவு விசாவில் வரலாம். அது 180 நாளுக்கு மேற்பட்டதாயின், வந்த 14 நாளுக்குள் அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ளவேண்டும்.

அடுத்தது, 'கடல்கடந்த இந்தியக் குடிமகன்' அட்டை. நம் மண்ணிலேயே குடியிருப்பவரை, குடிமகனும் அல்லாதவரை இப்பெயரால் அழைப்பது மொழிபெயர்ப்பாளராகிய நம்மைச் சற்றே சங்கடப்படுத்துகிறது! வாக்குரிமை இல்லை, விளைநிலம் வாங்கவும் இயலாது. எனினும் வாழ்நாள் முழுதும் விசாக் கவலை இல்லை. 2015ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, மணம் பதிவாகி, விண்ணப்பத்துக்கு முன் இரண்டாண்டு இடையறாது நிலைத்திருக்கவேண்டும். மாதாகோவில் ஏட்டில் எழுதியதோடு நின்றுவிடாமல், 2008ஆம் ஆண்டுக் கேரள விதிகளின்படி உள்ளாட்சி அலுவலகத்திலும் பதிந்துவிடுதல் நன்று. பாகிஸ்தான், வங்கதேசக் குடிகளுக்கு இவ்வட்டை கிடையாது. பின்னர் மணம் முறிந்தால் அரசு இதனை நீக்கவும் கூடும். முதுமையில் வீட்டையும் விற்றுவிட்டு வருவோர் இதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

ஏழாண்டு இங்கு வதிந்தபின் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கலாம். ஆயின் பிறந்த நாட்டுக் குடியுரிமையைத் துறந்தாகவேண்டும்.